கச்சான் காலத்துத் தேயிலை நம் லயத்துக்கும் வரட்டும்

ஜப்பான்காரர்கள் உலகத்தின் மூன்று பெருந்தேயிலைகள் என்று ஒரு வரிசை சொல்வார்கள்: டார்ஜிலிங், சீனாவின் கீமுன், நம்முடைய ஊவா. பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியில் எந்த லயத்துக்குள்ளும் நுழைந்து, அந்த ஊவாத் தேயிலையைக் குடித்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பறித்தது அங்கே குடியிருக்கும் தொழிலாளர்கள்தான். குடித்தவர் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள்.

நான் தேயிலை ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கொழுந்து பறித்தவளின் மகன். ஸ்டோரில் காலையில் முதல் வேலை ருசி பார்ப்பது. முந்தின நாள் தயாரித்த தூளை வகை வகையாக வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றி வரிசையாக வைப்போம். 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்பது உலகத் தரஅமைப்பு வைத்திருக்கும் கணக்கு. எங்கள் ஸ்டோரிலும் ஏறக்குறைய அதுதான் நடைமுறை. பிறகு கரண்டியால் அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, நாக்கு முழுக்கப் படரவிட்டுத் துப்பிவிட வேண்டும். அப்படி உறிஞ்சினால்தான் வாசம் வாய்வழியாக மூக்குக்கு ஏறும். சாயத்தின் நிறம், வாயில் நிற்கும் கனம், ஈறைப் பிடிக்கும் கூர்மை, வெந்த இலை செப்பு நிறத்தில் இருக்கிறதா, பச்சையடித்துப் போயிருக்கிறதா எல்லாம் பார்க்கவேண்டும். வாட்டியது போதவில்லை என்றாலும் டிரையரில் சூடு கூடிவிட்டாலும் நாக்கு உடனே சொல்லிவிடும்.

கச்சான் காலத்தில் அந்த மேசைக்குப் போவதே தனிச் சந்தோஷம். தென்மேற்குப் பருவமழை மலையின் அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். ஈரம் வடிந்து வறண்ட காற்றுதான் அப்புத்தளைக் கணவாய் தாண்டி நம் பக்கம் வரும். அந்தக் காற்றுதான் கச்சான். யூலை தொடங்கி செப்டெம்பர் வரை அது செடியை வாட்டி எடுக்கும். கொழுந்து மெதுவாக, சின்னதாக வரும். அந்த வருத்தத்தில்தான் இலைக்குள் மணம் சேர்கிறது. மெத்தில் சாலிசிலேட் என்கிற பொருள் அந்த நாளில் இலையில் கூடுகிறது. மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலத்தில் அடிக்கும் குளிர்ந்த வாசம் அதனுடையதுதான். நல்ல கச்சான் தேயிலையைப் பால் விடாமல் குடித்தால் தொண்டை வரைக்கும் அந்தக் குளிர்ச்சி இறங்கும். மழைக்காலத்தில் அதே மலையில் பறித்த கொழுந்தில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

இத்தனை வித்தியாசத்தையும் அறிந்தவர்கள் யார்? ஸ்டோரில் நாங்கள் சிலபேர். கொழும்பில் தரகர்களும் ஏற்றுமதிக் கம்பனிக்காரர்களும். 1883 யூலையில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் இன்றைக்கும் வாராவாரம் நடக்கிறது. 2020இல் கொரோனா வந்ததிலிருந்து கணினி வழியாக நடக்கிறது. அங்கே ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும் தனித்தனி. ஒரே தோட்டத்தில் ஒரு வாரம் செய்த தேயிலைக்கும் அடுத்த வாரம் செய்ததற்கும் விலை வேறு. அதை முடிவு செய்வது ருசி. எல்லவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஹல்பேவத்த ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வகைவகையாக ருசித்துப் போகிறார்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவருக்கு அந்த மேசையில் ஒரு கிண்ணம் இல்லை.

ஸ்கொட்லாந்தில் இருக்கும் என் தம்பி மகன் ஒருமுறை ஆவணியில் வந்திருந்தான். கையோடு இரண்டு விஸ்கிப் போத்தல்கள். ஒன்று ஐலாத் தீவுடையது, மற்றது ஸ்பேசைட் பக்கத்தது. குறுகிய வாயுள்ள கண்ணாடிக் கிளாஸில் ஒரு விரற்கடை ஊற்றி, "பெரியப்பா, குடிக்க வேணாம், முதல்ல மணந்து பாருங்க" என்றான். ஐலா விஸ்கிக்கு முளைவிட்ட பார்லியைப் புல்கரி என்ற மக்கிய மண்ணை எரித்த புகையில் காயவைக்கிறார்கள். அந்தப் புகை கிளாஸிலிருந்து எழுந்தது. மற்றதில் பழ வாசமும் தேன் வாசமும். சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் வாசம் இன்னும் விரிந்தது. அவன் போத்தலைத் திருப்பிக் காட்டினான். எந்த ஆலை, எத்தனை வருடம் மரப்பீப்பாயில் இருந்தது எல்லாம் அதில் எழுதியிருந்தது. அந்த ஊரில் பீப்பாய் உருட்டுகிறவனும் தன் ஆலையின் சரக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான் என்றான். பிறகு எங்கள் அடுப்படியில் இருந்த தேத்தூளைக் காட்டி, இது எந்தத் தோட்டத்துடையது, எந்த மாதம் செய்தது என்று கேட்டான். கடையில் வாங்கிய கலவைத் தூள் அது. பையில் அப்படி எதுவும் அச்சிடவில்லை.

இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஜொனி வோக்கர் என்ற பெயருக்குரிய ஜோன் வோக்கர் கில்மார்னொக் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவர், தேயிலையும் விற்றார். அவர் மகன் அலெக்சாண்டர் கிளாஸ்கோவில் தேயிலை வியாபாரியிடம் தொழில் பழகிய பிறகுதான் விஸ்கிக் கலவையில் இறங்கினார். அதே கிளாஸ்கோவின் மளிகைக்காரர் தோமஸ் லிப்டன் 1890இல் நம் பக்கம் வந்து தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். இரண்டு தொழிலுக்கும் மூலதனம் கூர்மையான நாக்கு. ஒன்றில் அந்த நாக்கு ஊர்க்காரர்களுக்கும் வாய்த்தது. நம்மிடம் அது ருசி பார்க்கும் மேசையைத் தாண்டவில்லை.

நம் ஆட்கள் விஸ்கிக்குப் பழக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்பள நாளில் சாராயக்கடையில் போகும் காசைப் பற்றியும், கசிப்பு எத்தனை வீட்டைக் கெடுத்தது என்பதைப் பற்றியும் லயத்துப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தக் குடியில் ருசிக்கு இடமே இல்லை. மடமடவென்று இறக்கிவிட்டு மறப்பதற்காகக் குடிப்பது. எனக்கு வேண்டியது அந்தப் பையன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு காட்டிய நிதானம். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து, மணந்து, மெல்லக் குடித்து, என்ன வித்தியாசம் என்று வாய்திறந்து சொல்கிற பழக்கம்.

அதற்குப் பிறகு என் வீட்டுத் திண்ணையில் அதைச் செய்யத் தொடங்கினேன். பீலித் தண்ணீர், வெள்ளைக் கோப்பைகள், மட்டமாக ஒரு தேக்கரண்டி பி.ஓ.பி. ரகத் தூள். ஒன்று கச்சான் காலத்துத் தேயிலை, ஒன்று மழைக்காலத்தில் செய்தது, ஒன்று நுவரெலியாவுடையது, ஒன்று இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. பெயர்களைச் சீட்டில் எழுதிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிடுவேன். 1976இல் பாரிஸில் இப்படித்தான் பெயரை மறைத்து வைன் ருசி பார்த்தார்கள். பிரெஞ்சு நிபுணர்களே சிவப்பிலும் வெள்ளையிலும் கலிபோர்னியாவின் வைனுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். பெயர் தெரியாதபோது நாக்குக்குப் பயம் இருக்காது.

பக்கத்து லயத்துப் பெண்கள் வந்தார்கள். முதலில் கூச்சம். சீனி இல்லாமல் எப்படிக் குடிப்பது என்று முகம் சுளித்தார்கள். இரத்தினபுரித் தேயிலையை "நல்லா சாயம் ஏறியிருக்கு, பாலுக்கு இதுதான் சரி" என்றார்கள். எந்தத் தரகரும் அதையேதான் சொல்வார். நுவரெலியாவுடையதைப் பூ வாசம் என்றார் ஒருவர். பிறகு வயதில் மூத்த ஒரு அக்கா கச்சான் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இது காத்துக் காலத்துல ஸ்டோர் பக்கமிருந்து மலைக்கு வர்ற வாசம்தானே அண்ணே" என்றார். வாழ்நாள் முழுக்க அந்த வாசத்தில் நின்று வேலை செய்தவர், அதை வாயில் வைத்தது அன்றைக்குத்தான். என் அம்மாவுக்கும் வாயில் வைக்கக் கிடைக்காத தேயிலை அது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இது வெறும் ருசிப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கச்சான் காலத்தில் செடி சுணங்குவதால் எத்தனை வேகமாகப் பறித்தாலும் கூடை நிறையாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர். அதாவது கொழும்பில் ஊவாவின் மணத்துக்கு விலை ஏறுகிற அதே வாரங்களில், அந்த மணத்தைப் பறித்துக் கொடுத்தவளின் நாள் பாதியாக எழுதப்படலாம். 2021இல் வர்த்தமானி வழியாக 1,000 ரூபாய், 2024இல் 1,350 என்று நாட்சம்பளம் பற்றிய பேச்சு எல்லாம் எடையின் மேல்தான் நடந்தது. தரத்துக்கு இந்த மலையில் யாரும் பங்கு கேட்டதில்லை. ருசி தெரியாத இடத்தில் எப்படிக் கேட்பது? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பொறுக்கிப் பறித்தால் கோப்பையில் என்ன வருகிறது, முற்றலும் சேர்த்துப் பறித்தால் என்ன வருகிறது என்று குடித்துப் பார்த்தவர் கேட்கும் கேள்வியின் பலமே தனி.

தோட்ட நிர்வாகங்களால் உடனே செய்யக்கூடியவை இருக்கின்றன. யூலை முதல் செப்டெம்பர் வரை செய்யும் தேயிலையில் ஒரு சிறு பொட்டலம், மாதமும் மலையின் பெயரும் எழுதி, அந்த மலையில் பறித்தவர்கள் வீட்டுக்குப் போகட்டும். அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைக் கடைகளிலும் அப்படிப் பெயரிட்ட பொட்டலங்கள் விற்கட்டும். தரகர்கள் ருசி பார்த்து அனுப்பும் அறிக்கை ஸ்டோருக்கு வருகிறது. ஆங்கிலத்தில் வந்து கோப்பில் தூங்குகிறது. அதைத் தமிழில் எழுதி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வாசித்துக் காட்டலாம்: போன வாரம் நம் தேயிலைக்கு என்ன சொன்னார்கள், என்ன விலை போனது. கச்சான் மாதங்களில் கிலோக் கணக்கைக் குறைத்து, ஏலத்தில் கூடிய விலையில் ஒரு பங்கைப் பறித்தவர் பேருக்கு எழுத வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் கேட்கட்டும். போவதற்கு முன் தலைவர்கள் அந்தத் தேயிலையை ஒருமுறை பாலில்லாமல் குடித்துவிட்டுப் போகட்டும்.