தொடை யாருக்கு, தலை யாருக்கு?

போன மாதம் எங்கள் வீட்டில் முதல்முறையாக முயல்கறி ஆக்கினேன். முதல்முறையா என்று ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். முயல் தின்னாத சேரி எது? தின்றோம்தான். ஆனால் எங்கள் சட்டியில் ஒரு முழு முயல் வெந்ததில்லை. எங்களுக்கு வந்ததெல்லாம் தலை, குடல், மிஞ்சினால் ஒரு முன்னங்கால்.

எங்கள் அய்யா விவரம் தெரிந்த நாளிலிருந்து முயல் கலைக்கப் போனவர். தையில் பொங்கல் கழிந்ததும் ஊர்க்காரர்கள் வேட்டைக்குக் கிளம்புவார்கள். வலை அவர்களுடையது. ஓடைக்கரையில் வலையைக் கட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் தெரு ஆட்கள் எதிர்த்திசையில் கரிசல் காட்டுக்குள் இறங்கி, தகரத்தைத் தட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, உடைமுள்ளில் விழுந்து எழுந்து முயலை விரட்டி வர வேண்டும். ஓடியது நாங்கள். ஆனால் வலையில் விழுந்ததும் அது 'மொதலாளி முயல்' ஆகிவிடும். ஈரலை அங்கேயே சுட்டுத் தின்றுவிட்டு, தொடையை ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு போவார்கள். அய்யா காலில் முள் ஏறிச் சீழ்பிடித்து ஒரு மாதம் படுத்துக் கிடந்த வருஷத்திலும் வந்தது ஒரு தலைதான். "அதாவது குடுத்தாகள்ல" என்றார்.

இதைத்தான் தமிழனின் வேட்டை மரபு என்று மேடையில் பேசுகிறார்கள். ஒரு கருத்தரங்கில் ஒருவர் புறநானூற்றின் 34ஆம் பாட்டை எடுத்துக்கொண்டு, பாணர்கள் சுற்றத்தோடு முயல் சூட்டிறைச்சியைக் கிழித்துத் தின்ற கதையை விரிவாகச் சொன்னார். கைதட்டல். சரி அய்யா, பாணன் தின்றான். இன்றைக்கு உங்கள் ஊர்த் திருவிழாவில் மேளமடிக்கிறவனுக்கு எந்த இடத்தில் இலை போடுகிறீர்கள்? அதையும் ஒரு கட்டுரையாக வாசிக்கலாமே.

காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருக்கட்டும், முயலும் பிழைக்க வேண்டும். எங்கள் ஊரில் வேட்டை நின்றுவிட்டது. பங்கு நின்றதா? கோயில் கெடா வெட்டில் எங்களுக்கு ஒதுங்குவது இன்றும் என்ன என்று போய்ப் பாருங்கள்.

நான் வாங்கியது பண்ணை முயல். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசு ஆராய்ச்சி மையமே வைத்து வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று வளர்க்கிறார்கள். கொழுப்புக் கம்மி என்பதால் முயலுக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது. அன்றைக்கு வாசம் பிடித்து வந்த பக்கத்து வீட்டம்மா, முயல் என்றதும் "ஒடம்புக்கு நல்லதாச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டுக்கறி என்றிருந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்திருக்கும்.

இரண்டு கிலோ முயல், உரித்துச் சுத்தம் பண்ணினால் ஒரு கிலோ சொச்சம் தேறியது. அம்மாவிடம் பக்குவம் கேட்டேன். மஞ்சள் தடவு, மிளகு சீரகம் பூண்டு தூக்கலா அரை, நல்லெண்ணெய் ஊத்து, சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடு என்று எல்லாம் சொன்னாள். தொடையை எவ்வளவு நேரம் வேகவைக்க என்றேன். முழித்தாள். "நான் எங்க தொடைய வச்சேன்? தலைக்குன்னா சொல்லுவேன்." தலைக்கு வைக்கிற தீயில் தலைக்கு வைக்கிற நேரம் தொடையை வைத்தேன். கொழுப்பில்லாத கறி, நார் நாராகக் காய்ந்து போனது. பங்கில் என்ன வந்ததோ அதற்குத்தான் எங்கள் கைக்குப் பக்குவமும் தெரிந்திருக்கிறது.

தோழர்களே, இப்போது நம்மவர்களும் 'தலித் சமையல்', 'உணவு அடையாளம்' என்று எழுதுகிறார்கள். குடல்கறியின் ருசியைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. ருசிதான், நானும் தின்று வளர்ந்தவள். ஆனால் குடலை நாம் தேர்ந்தெடுத்தோமா, தள்ளிவிட்டதை எடுத்துக்கொண்டோமா? தள்ளிவிட்ட கையைப் பற்றி ஒரு வரி எழுதாமல் ருசியை மட்டும் எழுதினால், அதைப் படித்துவிட்டு முதலில் தலையாட்டுகிறவன் மொதலாளி மகனாகத்தான் இருப்பான். "அவங்களுக்கு அதுதான் புடிக்கும்" என்பது அவன் அப்பன் சொன்ன வாசகம்தானே?

அய்யாவுக்கு இரண்டு தொடையையும் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "தலை எங்கம்மா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். தலையைத்தான் முதலில் உறிஞ்சினார்.

அம்மா வழக்கம்போல் கடைசியில் உட்கார்ந்து, "எனக்குச் சாறு போதும்" என்றாள். ஊர்க்காரன் பங்கைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான், இந்த வீட்டுப் பங்கைப் பற்றி என்றைக்குப் பேசியிருக்கிறேன்? அய்யா தட்டிலிருந்து ஒரு தொடையை எடுத்து அம்மா தட்டில் வைத்தேன். அய்யா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அதை எடுத்துத் திரும்பச் சட்டிக்குள் போட்டு மூடினாள். காலையில் பேரனுக்காம்.