சந்தாதாரர்களின் கட்சி



போன இதழ் சிலருக்குத் தாமதமாக வந்திருக்கிறது. சிலருக்கு இரண்டு பிரதிகள் போயிருக்கின்றன. இரண்டு வந்தவர்கள் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். வராதவர்கள் சந்தா எண்ணைக் குறித்து ஒரு கார்டு போடுங்கள், மறுபடி அனுப்பிவிடுகிறோம். உங்கள் கடிதங்களில் இருந்த கோபம் நியாயமானது. சந்தா கட்டியவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

இந்த இதழின் சிறப்புப் பகுதி, உலகின் பல நாடுகளில் அரசியல் கட்சிகள் பிறந்து வளர்ந்த கதை. கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. கட்சி தொடங்கிய பிறகு அதற்கென்று ஒரு பத்திரிகை வருவதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல இடங்களில் நடந்தது அப்படி இல்லை. பத்திரிகை முதலில் வந்தது, அதைப் படித்தவர்கள் பிறகு கட்சியானார்கள்.

அமெரிக்காவில் 1791-ல் தாமஸ் ஜெபர்சன் வெளியுறவு அமைச்சர். நிதியமைச்சர் ஹாமில்டனின் கொள்கைகள் அவருக்கு அடியோடு பிடிக்கவில்லை. ஆனால் கட்சி என்பதே கெட்ட வார்த்தையாக இருந்த காலம் அது. அதனால் அவர் பிலிப் ஃப்ரனோ என்ற கவிஞரைத் தன் துறையில் மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார். ஆண்டுக்கு 250 டாலர் சம்பளம். அந்தக் கவிஞர் பிலடெல்பியாவில் ‘நேஷனல் கெஸட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி ஹாமில்டனை வாரம் இரண்டு முறை வறுத்தெடுத்தார். அரசாங்கத்திடம் சம்பளம், எழுதுவதெல்லாம் அரசாங்கத்துக்கு எதிராக! இதை வெட்கக்கேடு என்று ஹாமில்டன் புனைபெயரில் எழுதினார், அதுவும் தன் தரப்புப் பத்திரிகையில். பத்திரிகை 1793-ல் நின்றுபோனது. ஜெபர்சனின் பின்னால் திரண்ட கூட்டம் நிற்கவில்லை, கட்சியாகி 1800 தேர்தலில் வென்றது.

என் மனதில் நின்றது இதைவிடப் பெரிய கதை. ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 12 ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்த கதை.

1878 மே மாதமும் ஜூன் மாதமும் பெர்லினில் பேரரசர் முதலாம் வில்ஹெல்மை நோக்கி இரண்டு பேர் அடுத்தடுத்துச் சுட்டார்கள். முதல் ஆள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவன். இரண்டாவது ஆளுக்கும் கட்சிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்குக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, அவர் காத்திருந்த வாய்ப்பு கிடைத்துவிட்டது. அக்டோபரில் சட்டம் வந்தது. சோஷலிஸ்டுகளின் சங்கம், கூட்டம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் தடை. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 900 பேர் சொந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. தனி ஆளாகத் தேர்தலில் நிற்பதை அது தடுக்கவில்லை. ஆகவே கட்சி இல்லை, ஆனால் அதன் வேட்பாளர்கள் இருந்தார்கள். கட்சி அலுவலகம் கிடையாது, அதன் உறுப்பினர்கள் மட்டும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கட்சியைக் கட்டிக்காக்க அவர்களுக்குக் கிடைத்த வழி, எல்லைக்கு அப்பால் ஒரு வாரப் பத்திரிகை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்து ‘சோஷியல் டெமாக்ரட்’ 1879 செப்டம்பர் 28-ல் வெளிவந்தது. 1881-லிருந்து அதன் ஆசிரியர் எடுவார்ட் பெர்ன்ஸ்டைன், 31 வயது, அதற்கு முன் வங்கியில் குமாஸ்தா. நியமிப்பதற்கு முன் கட்சித் தலைவர் பேபல் அவரை லண்டனுக்கு அழைத்துப்போய் மார்க்ஸ், எங்கெல்ஸ் முன்னால் நிறுத்தினார். ஆசிரியர் வேலைக்கு இதைவிடக் கடினமான நேர்முகத் தேர்வு இருந்திருக்குமா என்று தெரியவில்லை. எங்கள் நிர்வாகம் என்னிடம் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

எழுதி அச்சடிப்பது ஒரு பாதி. அதைத் தடைசெய்த நாட்டுக்குள் வாரம் தவறாமல் கொண்டுசேர்ப்பது மறுபாதி. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஜூலியஸ் மொட்டெலர். துணித் தொழிலில் தேர்ந்தவர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். சூரிச்சிலிருந்து நேரே தபாலில் போட்டால் எல்லையிலேயே பிடித்துவிடுவார்கள். அதனால் கட்டுக்கட்டாக போதன் ஏரிப் பக்கமும் மற்ற எல்லைப் பக்கங்களிலும் கடத்தினார்கள். காவலர்கள் ஒரு வழியைக் கண்டுபிடித்தால் அடுத்த வாரம் வேறு வழி. அந்த எல்லையோரத்தில் இந்த வேலையைச் செய்தவர்களில் ஜோசப் பெல்லி என்ற செருப்புத் தொழிலாளி ஒருவர். பிற்காலத்தில் அந்த நாட்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

ஜெர்மனிக்குள் வந்ததும் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பிரதியையும் சாதாரண உறையில் போட்டு ஒட்டி, ஜெர்மன் தபால்தலையோடு ஜெர்மன் தபால்பெட்டியிலேயே போட்டுவிடுவார்கள். அப்புறம் அது லட்சக்கணக்கான கடிதங்களில் ஒன்று. பிஸ்மார்க் தடைசெய்த பத்திரிகையை பிஸ்மார்க்கின் தபால்காரரே வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். இந்த ஏற்பாட்டுக்குச் ‘சிவப்புக் களத் தபால்’ என்று பெயர் வந்தது. பத்திரிகையில் உளவாளிகளை அடையாளம் காட்டி எச்சரிக்கும் ஒரு பகுதியும் வந்தது. அதற்கு வைத்த பெயர் ‘இரும்பு முகமூடி’. வாசகர்கள் முதலில் புரட்டிய பக்கம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதில் கட்சி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஒவ்வொரு ஊரிலும் நம்பகமான ஒருவர் கட்டை வாங்கிக்கொள்வார், பிரித்துக் கொடுப்பார், சந்தா வசூலிப்பார், சிறைக்குப் போனவரின் குடும்பத்துக்கு உதவிப் பணம் சேர்ப்பார். பாட்டுச் சங்கம், உடற்பயிற்சிச் சங்கம் என்ற பெயரில் கூடிப் பேசுவார்கள். தேர்தல் வந்தால் அதே ஆள்தான் வாக்குச்சீட்டும் கொடுப்பார். அன்றைய ஜெர்மனியில் அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சடித்துத் தரவில்லை. கட்சிகளே அச்சடித்து வாக்காளர் கையில் சேர்க்க வேண்டும். வாராவாரம் யார் வீட்டில் பத்திரிகை கொடுப்பது என்று தெரிந்தவருக்கு, யார் வீட்டில் சீட்டு கொடுப்பது என்று புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. விநியோகப் பட்டியலே உறுப்பினர் பட்டியல்.

பலன்? தடை வந்த பிறகு நடந்த முதல் தேர்தலில், 1881-ல், 3 லட்சத்து 12 ஆயிரம் வாக்குகள். முன்பைவிட ஒன்றேகால் லட்சம் குறைவு. 1884-ல் ஐந்தரை லட்சம். தொழிலாளர்களைத் தன் பக்கம் இழுக்க பிஸ்மார்க் 1883-ல் மருத்துவக் காப்பீடும் 1884-ல் விபத்துக் காப்பீடும் கொண்டுவந்தார். நல்ல திட்டங்கள்தான், உலகமே பின்னால் காப்பியடித்தது. தொழிலாளர்கள் காப்பீட்டையும் வாங்கிக்கொண்டார்கள், வாக்கைப் பழைய இடத்திலேயே போட்டார்கள். 1888-ல் பிஸ்மார்க்கின் நெருக்குதலால் சுவிஸ் அரசு பெர்ன்ஸ்டைனையும் மொட்டெலரையும் நாட்டைவிட்டு அனுப்பியது. பத்திரிகை லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1890 பிப்ரவரி தேர்தலில் 14 லட்சத்து 27 ஆயிரம் வாக்குகள், அந்தத் தேர்தலில் வேறு எந்தக் கட்சியும் வாங்காத அளவு. ஆனால் தொகுதிப் பங்கீட்டின் கோணலால் கிடைத்த இடங்கள் 35 மட்டுமே. அடுத்த மாதம் பிஸ்மார்க் பதவியை இழந்தார். செப்டம்பர் கடைசியில் தடைச்சட்டம் காலாவதியானது, அதோடு பத்திரிகையும் தன் கடைசி இதழை வெளியிட்டு நிறுத்திக்கொண்டது.

பிறகு நடந்ததையும் சொல்லாமல் விட்டால் கதை இனிப்பாகிவிடும். 1914-ல் அந்தக் கட்சிக்கு 10 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள், ஏறக்குறைய 90 நாளிதழ்கள், சொந்த அச்சகங்கள், கட்டிடங்கள். அந்த ஆகஸ்டில் போர்க் கடனுக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தில் வாக்களித்தது. உறைக்குள் பத்திரிகையை ஒளித்து அனுப்பிய காலத்தில் அதற்கு இழக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது நிறைய இருந்தது. அந்தக் கட்சியில் உறுப்பினராக இருந்த ராபர்ட் மிஷெல்ஸ் என்ற அறிஞர் அதற்கு மூன்று ஆண்டு முன்பே, பெரிய கட்சி எதுவானாலும் ஒரு சிலர் கையில் போய்ச் சேரும் என்று எழுதிவிட்டார். ஜெர்மானியர்களின் கடத்தல் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள் ரஷ்யர்கள். லெனினும் தோழர்களும் நடத்திய ‘இஸ்க்ரா’வின் முதல் இதழ் 1900 டிசம்பரில் ஜெர்மன் நகரான லைப்சிக்கில்தான் அச்சானது. சிதறிக்கிடந்த குழுக்களைக் கட்சியாக்கும் கருவி பத்திரிகைதான் என்பதை லெனின் ஒளிக்காமலே எழுதினார்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1916-ல் பிட்டி தியாகராயரும் டி.எம். நாயரும் நடேச முதலியாரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பின் பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அந்த நீளமான பெயரை யாரும் சொல்லவில்லை. 1917-ல் அவர்கள் நடத்திய ஆங்கில நாளிதழ் ‘ஜஸ்டிஸ்’. தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திரப் பிரகாசிகா’. பத்திரிகையின் பெயரே கட்சிக்கு ஒட்டிக்கொண்டது. 1920-ல் சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தபோதும் அது ஜஸ்டிஸ் கட்சிதான், நீதிக்கட்சிதான்.

அடுத்த இதழில் ஒரு பகுதியை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய கட்சிப் பத்திரிகைகள் இருக்கலாம். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும். சந்தா ரசீது ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுங்கள். யார் வாங்கினார், எந்த ஊரில், யார் கொண்டுவந்து கொடுத்தார் என்று நினைவில் இருப்பதை நாலு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்