கொல்லைப்புற மண்டபமும் குடும்பத்தின் கையிருப்பும்



வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு மண்டபம் அமைத்து, அஸருக்குப் பின் குடும்பத்தார் அமர்ந்து பேசவும் பிள்ளைகள் ஓதவும் இடம் உண்டாக்க விரும்புவது நல்ல ஆசையே. ஹலாலான வருவாயில் வீட்டாருக்கு நிழல் தருவதை மார்க்கம் தடுக்கவில்லை. விடுமுறை நாட்களில் நம் கையாலேயே அதைக் கட்டுவதும் போற்றத்தக்க உழைப்பாகும். ஆயினும், இத்தகைய வேலைகள் பல, திட்டமிட்ட தொகையைத் தாண்டிச் சென்று குடும்பத்தின் நிம்மதியையும் விழுங்கிவிடுகின்றன. இது ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

கூலி மிச்சம் என்னும் எண்ணமே முதற்காரணம். அந்த மிச்சத்தை நம்பி அளவைப் பெரிதாக்குகிறோம். 10 அடிக்கு 10 அடி என்று தொடங்கியதை 15 அடிக்கு 15 அடி ஆக்கும்போது, கூடுவது ஐந்தடிதானே என்று தோன்றும். உண்மையில் 100 சதுர அடி 225 சதுர அடியாகிவிடுகிறது. தளமும் கூரையும் இரு மடங்குக்கு மேல் பெருகுகின்றன. கீற்றுக்குப் பதில் ஓடு, ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் என மனம் மாறினால், செலவு கூரையோடு நிற்பதில்லை. பாரம் கூடக்கூடத் தூணும் அஸ்திவாரமும் வலுப்பெற வேண்டும். கம்பியும் சென்ட்ரிங் வாடகையும் சேரும். பழக்கமில்லாதவர் தாமே கான்கிரீட் கூரை போடுவது உயிருக்கும் ஆபத்து. வண்டி வாடகை, இறக்குக்கூலி, பழகாத கையால் வீணாகும் சிமெண்ட் ஆகியவற்றையோ முதற்கணக்கில் நாம் எழுதுவதே இல்லை.

"இவ்வளவு போட்டாயிற்று, பாதியில் விட்டால் ஊர் சிரிக்கும்" என்னும்போது ஆசை வீம்பாகிறது. செலவான பணம் அடுத்த செலவை நியாயமாக்கிவிடாது. ஆனால் இந்தக் கட்டத்தில்தான் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகிறது. மனைவியின் நகையும் மஹரும் அவளுடைய சொத்து. அவள் மனமுவந்து தந்தாலன்றிக் கணவனுக்கு அதில் உரிமையில்லை. தந்தாலும் அதை வட்டிக்கு வைப்பது ஆகாது. வட்டியில் எழுந்த கூரையின் கீழ் அமர்ந்து எந்த பரக்கத்தை எதிர்பார்க்கப் போகிறோம்?

செலவில் வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலை பேணுவதை நல்லடியார்களின் பண்பாகத் திருக்குர்ஆன் (25:67) காட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள்.

பெரிய ஆசை கொள்வது குற்றமன்று. பிரான்சு நாட்டில் ஃபெர்தினான் ஷெவால் என்னும் கிராமத்துத் தபால்காரர், தபால் கொண்டுசெல்லும் வழியில் பொறுக்கிய கற்களால், 1879 முதல் 1912 வரை 33 ஆண்டுகள் உழைத்துத் தம் தோட்டத்தில் ஒரு மாளிகையையே எழுப்பினார். நம்மைக் கெடுப்பது ஆசையின் அளவன்று. கையிருப்பை மீறிய அவசரம்.

ஆகவே, மண்வெட்டியை எடுக்குமுன் மனைவி மக்களோடு மஷூரா செய்வோம். அளவையும் தொகையையும் எழுதிவைப்போம். அத்தொகையில் நான்கில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குவோம். இவ்வாண்டு தளம், அடுத்த ஆண்டு கூரை என்று பகுதி பகுதியாகக் கட்டுவோம். பணம் தீர்ந்தால் வேலையை நிறுத்துவோம். கூரையில்லாத தளத்திலும் பாய் விரித்து அமரலாம். கடனோடு நிம்மதியாக உறங்க முடியாது.

நம் வருவாயிலும் இல்லங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.