சரித்திரப் படமும் காவலி சகோதரர்களும்

தேச சரித்திரம் முழுவதையும் கோபுரங்களும் கோட்டைகளும் கப்பல்களுமாக ஒரே படத்தில் தீட்டி, மயிலை, தியாகராய நகர், அடையாறுப் பள்ளிகளின் சுவர்களில் மாட்டவேண்டுமென்பது நமது விருப்பம். அதில் அரசர்களுக்கு இடம் கிடைப்பதில் ஐயமில்லை. ஆனால், சரித்திரத்தைத் தேடித் தொகுத்தவர்களுக்கு இடமுண்டா?

கர்னல் காலின் மெக்கன்ஸி 1800 முதல் மைசூர் ராஜ்யத்தை அளந்தபோது, எல்லைகளை வரைந்ததோடு நில்லாமல் ஊர்தோறும் சரித்திரமும் திரட்டுவித்தார். 1821-ல் அவர் காலமானபின் எடுத்த ஜாபிதாவில் 8,076 சாஸனப் பிரதிகளும் 2,630 சித்திரங்களும் கண்டன. அவருக்கோ நம் பாஷைகள் தெரியா! காவலி வெங்கட போரய்யாவும், 1803-ல் அவர் மறைந்தபின் தம்பி லக்ஷ்மய்யாவும், அவர்களுடைய பண்டிதர்களுமே கிராமம் கிராமமாக விசாரித்து எழுதிச் சேர்த்தவர்கள்.

துரை மறைந்தபின் அப்பணியைத் தாமே தொடர லக்ஷ்மய்யா விரும்பினார். சுதேசி எவருக்கும் அதற்குப் போதிய தகுதியில்லை, உதவியாளராக வேண்டுமானால் பயன்படலாம் என்பது 1836-ல் வங்காள ஆசியச் சங்கம் கொண்ட அபிப்பிராயம். பதினெட்டு ஆண்டுகள் அவ்வேலையை முன்னின்று நடத்தியவருக்கு அவ்வேலை தெரியாதாம்!

அத்தொகுதியின் பெரும்பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. சித்திரக்காரர்கள் தூரிகையெடுக்குமுன் அங்கே சென்று அவ்வேடுகளைப் பார்ப்பார்களாக. படத்தின் ஓரத்தில் போரய்யாவும் லக்ஷ்மய்யாவும் அமர்ந்தெழுத இடம் போதாதெனில், பட்டத்து யானைகளில் ஒன்றைக் குறைத்துவிடலாம்.