‘ஓ’ எல்லோருக்கும் சேருமா?

ஓமானின் சோஹார் துறைமுகத்தையும் தொழிற்பேட்டையையும் சுற்றி வாழும் நம்மவர்களிடம் விபத்துச் செய்தி வந்தால், “நான் ஓ குரூப், யாருக்கு வேணாலும் குடுப்பேன்” என்று யாராவது ஓடி வருவார்கள். அந்த மனசு பெரிது. ஆனால் ‘ஓ எல்லோருக்கும் சேரும்’ என்ற நம்பிக்கை ஆளைக் கொல்லவும் கூடும்.

ஏறக்குறைய எல்லோருக்கும் என்று சொல்லத்தக்கது ஓ நெகட்டிவ் சிவப்பணு மட்டுமே. அதுவும் நோயாளியின் வகை பார்க்க நேரமில்லாத அவசரத்துக்கு. நம்மில் ஓ வகையினர் பெரும்பாலும் பாசிட்டிவ். அந்த ரத்தத்தை ஒரு நெகட்டிவ் பெண்ணுக்கு ஏற்றினால் அவள் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள், பின்னாளில் அவள் சுமக்கும் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கலாம். பிளாஸ்மாவிலோ கணக்கே தலைகீழ்: ஓ பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்கும் எதிர்ப்பொருள் உண்டு, அங்கே எல்லோருக்கும் கொடுக்கத்தக்கது ஏபி.

‘ஓவுக்கு ஓ கொடுத்தால் கவலையில்லை’ என்பார்கள். 1952இல் மருத்துவர் பெண்டேயும் சகாக்களும் அறிவித்த பம்பாய் வகை இதைப் பொய்யாக்குகிறது. வழக்கமான சோதனையில் இவர்கள் ஓ போலவே தெரிவார்கள். ஆனால் ஓ அணுவிலும் இருக்கும் ஹெச் என்ற பொருள் இவர்களிடம் இல்லை. அதற்கு எதிர்ப்பொருள்தான் இருக்கிறது. நோயாளியின் சீரத்தோடு ஓ அணுக்களைக் கலந்தால் குழாயில் கட்டிகட்டியாகத் திரளும். அப்போதுதான் குட்டு வெளிப்படும். இவர்களுக்கு இன்னொரு பம்பாய் வகையினரின் ரத்தம்தான் ஏறும். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இந்த வகை. பாதிப் பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்களாக இருக்கும் ஒரு சோஹார் தொழிலாளர் முகாமுக்கு இது தொலைவான சங்கதி அல்ல.

‘குரூப் ஒன்றானால் போதும்’ என்பதை ஓமானிலேயே மறுக்கலாம். அரிவாள் அணு மரபணுவை இங்கே ஏறத்தாழ 6% பேர் சுமக்கிறார்கள். அரிவாள் அணு நோயோடு பிறந்த குழந்தைக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற நேரும். ஏபிஓவும் ஆர்ஹெச் பாசிட்டிவும் பொருந்தினாலும், கெல், இ போன்ற பிற ஆன்டிஜன்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால் அடுத்த பாட்டில் கிடைப்பதே பெரும்பாடு. கொடுப்பவர் ரத்தத்தை நோயாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை தாமதமானால் ரத்த வங்கி ஊழியரைத் திட்டாதீர்கள். அவர் தேடுவது இத்தகைய எதிர்ப்பொருளைத்தான்.

‘சொந்த ரத்தம்தான் சுத்தம்’ என்பது மிக ஆபத்தான பேச்சு. தாய், தகப்பன், உடன்பிறந்தாரின் வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அந்நியமென அறியாமல் விட்டுவிடலாம். அவை பெருகி அவரையே தாக்கும். அரிதுதான், வந்தால் பிழைப்பது கடினம். அதனால்தான் நெருங்கிய உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும்.