மூன்று மெட்கிட்டோடு செத்தவன்

நேற்று இன்டர்வெல் நேரம் பத்தாம் தரப் பிள்ளைகள் இரண்டு பேர் பப்ஜி பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தோற்றுப்போன கவலையில் இருந்தான்.

"பேக்ல மூணு மெட்கிட் கிடந்த சேர். பாவிக்கல்ல."

"ஏன்டா?"

"கடைசில தேவப்படும்னு வெச்சிருந்தன்."

கேம் என்றாலே நேரத்தை வீணாக்கும் வேலை என்று சொல்கிறவன்தான் நானும். ஆனால் அந்தப் பதில் என்னை உட்கார்ந்து கேட்க வைத்தது. எத்தனை பெரியவர்கள் இப்படித்தான் எல்லாவற்றையும் 'பிறகு தேவைப்படும்' என்று பூட்டி வைத்திருக்கிறோம்!

அவர்கள் விளக்கினார்கள். ஃபர்ஸ்ட் எயிட் உயிரை 75 வரைக்கும்தான் ஏற்றும். மெட்கிட் 100 ஆக்கும், ஆனால் கூடுதல் செக்கன் எடுக்கும். அந்த நேரம் சுட முடியாது; சுட்டால் வைத்தியம் நின்றுவிடும். பேக்கிலும் இடம் அளவுதான். மருந்தை நிறைத்தால் தோட்டாவுக்கு இடமில்லை. ஆக, மருந்து சும்மா கிடைத்தாலும் அதைப் பாவிக்க ஒரு விலை இருக்கிறது. எப்போது, எங்கே ஒளிந்து, எதைப் பாவிப்பது என்று பிள்ளை முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுதான் விளையாட்டு.

இந்த அளவு தவறினால் என்ன ஆகும்? 2011இல் வந்த ஸ்கைரிம் கேமில் சண்டை நடுவே மெனுவைத் திறந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இருக்கிற மருந்தையெல்லாம் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திரும்பவும் அடிக்கலாம். பயமில்லாத சண்டையில் யோசிக்க என்ன இருக்கிறது?

மருந்து மிக அரிதாகக் கிடைத்தாலும் பிழைதான். அப்போது எல்லோரும் எங்கள் பையன் மாதிரிச் சேர்த்து வைத்தே சாவார்கள். அதே 2011இல் வந்த டார்க் சோல்ஸ் இதற்கு நல்ல வழி கண்டது. மருந்துக் குடுவையில் சில மிடறுகள்தான் இருக்கும். தீ மூட்டிய இடத்துக்குப் போனால் திரும்ப நிரம்பும், ஆனால் கொன்ற எதிரிகளில் பெரும்பாலானோர் மீண்டும் எழுந்து வருவார்கள். பதுக்கவும் தேவையில்லை, வீணாக்கவும் முடியாது.

எனக்குப் பயம் வேறொரு வகைக் கேமில்தான். மருந்து தீர்ந்ததும் திரையில் ஒரு விலை வந்து நிற்கும். நேரமும் இடமும் விலையாக இருந்த இடத்தில் வாப்பாவின் காசு வந்து உட்கார்ந்துவிடுகிறது. அங்கே பிள்ளை முடிவெடுக்கப் பழகுவதில்லை, வாங்கத்தான் பழகுகிறான். போன தவணை ஒரு உம்மா அழுதுகொண்டு என்னிடம் வந்தது இப்படி ஒரு கேமால்தான். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த காசு ரீலோடாகப் போய்விட்டது.

பப்ஜியிலும் காசுக்கு விற்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், உடுப்பும் துப்பாக்கிக் கோலமும் விற்கிறார்கள். ஆனால் மெட்கிட்டை எல்லோரும் களத்தில் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போனைப் பறிப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மகன், மருந்து முடிஞ்சா எங்கிருந்து எடுப்பீங்க?"

'களத்தில் தேடுவேன்' என்றால் நேரத்தை மட்டும் கட்டுப்படுத்துங்கள். 'கடையில் வாங்குவேன்' என்றால் அன்றைக்கே அந்தக் கேமை அழித்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளை என்ன சொன்னார் என்று கொமென்டில் எழுதுங்கள்.