சேவையகப் பேழையும் திருமலைத் துறைமுகமும்

சேவையகங்களை வாங்குவோர் கணினிகளின் எண்ணிக்கையைக் கேட்கின்றனர். நினைவகத்தின் அளவைக் கேட்கின்றனர். விலையைப் பன்முறை கேட்கின்றனர். அக்கணினிகளை வெளியுலகோடு இணைக்கும் உறுப்பைப் பற்றி வினவுவோர் அரியர். திருகோணமலை போன்ற ஊர்களைப் பொறுத்தவரை இன்னொரு வாதமும் உண்டு. அங்கே அதற்கென ஓர் ஆள் எதற்கு, கொழும்பிலிருந்தே அனைத்தையும் கவனித்துக்கொள்ளலாமே என்பது அது. சிக்கனத்தின் பெயரால் எழும் இவ்வாதம் சிக்கனமானதுமன்று, அறிவுடையதுமன்று.

எச்.பி. நிறுவனம் 2006இல் வெளியிட்ட சி7000 என்னும் பேழையை எடுத்துக்கொள்க. அதன் முன்புறத்தில் 16 மெல்லிய சேவையகங்களைச் செருகலாம். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடம் இழுப்பதில்லை. நடுப்பலகையொன்றின் ஊடாகத் தரவு பின்புறத்து இடையிணைப்பு அறைகளுக்குச் சென்று, அங்குள்ள ஆளிகள் வழியே வெளியேறும். சேவையகத்தின் முதல் வாயில் முதலாம் அறைக்கும், இரண்டாம் வாயில் இரண்டாம் அறைக்கும் செல்லும். ஒன்று வீழ்ந்தால் மற்றது தாங்கவேண்டும் என்பதே இவ்விணையமைப்பின் நோக்கம். இரண்டாம் அறையை வெறுமையாக விட்டுப் பணத்தை மிச்சம்பிடித்தவர், 16 சேவையகங்களையும் ஒற்றை வாசலுக்குப் பின்னால் அடைத்தவராவார்.

இரண்டு ஆளிகள் இருந்தாற் போதுமா? இரண்டின் வெளிவடங்களும் மேலேயுள்ள ஒரே ஆளியிற் சென்று முடியுமாயின் இரண்டென்பது பட்டியலில் மட்டுமே. அன்றியும், வெளிவடம் அறுந்தபின்னும் உள்வாயில் உயிரோடிருந்தால், சேவையகம் ஏதுமறியாது அவ்வழியே தரவை அனுப்பிக்கொண்டிருக்கும். வெளிவழி அடைபட்டவுடன் உள்வாயிலையும் மூடுமாறு முன்கூட்டியே ஆளிக்குக் கட்டளையிட்டு வைத்தாலன்றி அது மாற்றுவழியை நாடாது. இவற்றையெல்லாம் விற்பனைப் பத்திரம் செய்து தராது. பொறுப்புள்ள ஒருவரே செய்யவேண்டும்.

மாற்றுவழியின் அருமையைத் திருகோணமலைக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும், 9இல் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அட்மிரல் சோமர்வில்லின் கிழக்குக் கடற்படை இவ்விரு துறைமுகங்களை மட்டும் நம்பியிருந்தால் அதன் கதி வேறாயிருக்கும். மாலைதீவின் தென்கோடியில், அட்டுப் பவளத்தீவில், யப்பானியர் அறியாத இரகசியத் தளம் ஒன்று அதற்கு இருந்தது. எனினும் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. காப்பற்ற மாற்றுவழி யாது செய்யும் என்பதற்கு அதுவும் சான்று.

கொழும்பிலிருந்து கவனிக்கலாம் என்போர் ஒன்றை மறக்கின்றனர். நிருவாகக் கட்டளைகளும் சாதாரணத் தரவு செல்லும் பாதையிலேயே சென்றால், அப்பாதை அறுந்த கணத்தில் கொழும்பிலுள்ளவர் கையும் அறுகின்றது. நிருவாகத்துக்குத் தனிப்பாதை அமைத்தாலுங்கூட, பழுதான ஆளியைக் கழற்றிப் புதியதைச் செருக ஒரு மனிதக் கை வேண்டும். அக்கை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணஞ்செய்து வருமளவும் அலுவலகம் கைகட்டி நிற்பதா?

இது வெறும் பழுதுபார்ப்பு விடயமுமன்று. 1987 யூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகளும் அருகருகே இடம்பெற்றன. அவ்வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதவாறு மீளாய்வு நடைபெறும் என அங்கு எழுதப்பட்டது. வானலைக்கு அத்துணைக் கவனம்! இடையிணைப்பு ஆளியின் கடவுச்சொல்லை வைத்திருப்பவரோ, பேழையினுள் ஓடும் தரவைப் படியெடுத்து வேறொரு வாயிலுக்கு அனுப்பவும் வல்லவர். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமலே விட்டுவைப்பது அவ்வல்லமையை வழிப்போக்கனிடம் ஒப்படைப்பதாகும்.

கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்திற் கணினி விஞ்ஞானம் பயில்வோர் உளர். இந்நகரின் பேழைகளைப் பராமரிக்கும் பொறுப்பை அவர்களுக்குப் பயிற்றியளித்தல் வேண்டும். பேழை வாங்கும் நாளிலேயே மேலதிக ஆளியொன்றையும் வாங்குக. எவ்வடம் எங்கே செல்கின்றது என்பதைத் தமிழிலும் எழுதிப் பேழையின் கதவில் ஒட்டுக.